அலைன்மென்ட் செய்தும் பிக்கப் ஒரு பக்கம் இழுக்கிறதா? தேட வேண்டிய வரிசை

கேள்வி இதுதான்: பின்னால் லீஃப் ஸ்பிரிங் வைத்த பிக்கப். நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் போகிறது. இரண்டு தடவை வீல் அலைன்மென்ட் செய்தாகிவிட்டது, மாற்றம் இல்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

மூன்றாம் தடவை அலைன்மென்ட் மேடையில் ஏற்றாதீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் இடதுக்கும் வலதுக்கும் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை. அந்த வித்தியாசம் டயரில் இருக்கலாம், பிரேக்கில் இருக்கலாம், முன் சஸ்பென்ஷன் கோணத்தில் இருக்கலாம், பின் ஹவுசிங் (பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் கூடு) உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கலாம், ஸ்டீயரிங் பெட்டிக்குள்ளேயே கூட இருக்கலாம். அலைன்மென்ட் மெஷின் இதில் கோணத்தை மட்டும்தான் காட்டும். டயர் உள்ளே கோணலாக வார்க்கப்பட்டிருப்பதோ, பிரேக் விடாமல் உரசுவதோ அதன் கண்ணுக்குத் தெரியாது.

முதலில், இது உண்மையிலேயே இழுப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வேறு வேறு கோளாறுகளை ஒரே பெயரில் சொல்வது வழக்கம். வண்டி நேராக ஓடுகிறது, கையில் எந்த அழுத்தமும் இல்லை, ஆனால் ஸ்டீயரிங் வீல் மட்டும் ஐந்து பத்து டிகிரி கோணலாக நிற்கிறது என்றால் அது இழுப்பு அல்ல. டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) நீளம் இரு பக்கமும் சமமாக இல்லை, அல்லது பின் ஹவுசிங் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் நேராக நின்றாலும் கோணலாக நின்றாலும், வண்டியை நேராக ஓட்ட ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அதுதான் இழுப்பு. கையை எடுத்ததும் வண்டி கோட்டைத் தாண்டும்.

சாலையின் சரிவையும் கழித்துவிட வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்துக்குச் சுமார் 2 சதவீதம் சரித்துப் போடுவார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எல்லா வண்டியும் லேசாக இடது ஓரத்துக்குத்தான் நழுவும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது ஓரத்துக்கு. அதனால் சோதனையைச் சமதளமான, காற்று வீசாத, ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை விரல் நுனியில் தளர்வாகப் பிடித்தபடி 100 மீட்டர் போய்ப் பாருங்கள், அதே இடத்தில் திரும்பி எதிர்த்திசையிலும் போய்ப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் கோளாறு வண்டியில். திசை மாறும்போது இழுப்பும் மாறினால் தரையில்தான் சரிவு. புது மாடல் பிக்கப்பில் லேன் அசிஸ்ட் (கேமரா பார்த்து வண்டியைக் கோட்டுக்குள் வைக்கும் வசதி) இருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது கோளாறா கேமராவா என்று கடைசி வரை தெரியாது.

அதே ஓட்டத்தில் எப்போது இழுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீரான வேகத்திலா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா, பாரம் ஏற்றினால் மட்டுமா? பாதி பதில் இதிலேயே வந்துவிடும்.

டயரில் தொடங்குங்கள்

வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். முன் இரண்டுக்கும் இடையே 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே கையில் தெரியும். காற்று குறைந்த பக்கம்தான் வண்டி போகும். பிக்கப்பில் காலியாக ஓடுவதற்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு என்று கதவு நிலையில் ஒட்டியிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு மாறலாம், ஆனால் ஒரே ஆக்ஸிலில் இடதும் வலதும் மாறக் கூடாது. கேஜையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நான்கு டயரையும் ஒரே கேஜால் பார்த்தால் அது தப்பாகக் காட்டினாலும் நான்கிலும் ஒரே அளவு தப்பாகத்தான் காட்டும்.

முன் டயர் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பாதி தேய்ந்தது என்று போட்டுவிட்டு அலைன்மென்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கிறதா? இந்தப் பதிலிலேயே முக்கியமான, காசு செலவில்லாத சோதனை இப்போது வருகிறது. முன் இடது டயரையும் முன் வலது டயரையும் மாற்றிப் போட்டு, அதே இடத்தில் மறுபடி ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினாலோ முழுக்கப் போய்விட்டாலோ குற்றவாளி டயர். எதுவும் மாறவில்லை என்றால் டயரை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயரானால் இடம் வலம் மாற்றக் கூடாது. அந்தந்தப் பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பாருங்கள்.

டயர் எப்படி இழுக்கும்? ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டி ஒரு சில மில்லிமீட்டர் ஒரு ஓரமாக நகர்ந்து வார்க்கப்பட்டிருந்தால், டயரின் ஒரு ஓரம் விறைப்பாகவும் மறு ஓரம் தளர்வாகவும் இருக்கும். வெளியே பார்த்தால் நல்ல டயர். காற்றடித்துப் பாரம் ஏறியதும் அது கூம்பு போல நடந்துகொள்ளும். ஒரு காகிதக் கோப்பையைப் படுக்கவைத்துத் தள்ளினால் அது நேராகப் போகாமல் குறுகிய அடிப்பக்கம் வளைந்து போகும் இல்லையா, அதே கதைதான். புது டயரிலும் இது வரும். டயர் மாற்றிய மறுநாளே இழுக்க ஆரம்பித்தால் முதல் சந்தேகம் இதன் மேல் போக வேண்டும். அந்த டயரைப் பின்னால் போட்டுவிட்டால் பெரும்பாலும் இழுப்பு தெரியாது. அம்புக்குறியும் உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற அடையாளமும் இல்லாத டயரானால் ரிம்மிலிருந்து கழற்றி மறுபக்கமாகத் திருப்பி மாட்டினாலும் இழுப்பின் திசை மாறும். இப்படிப்பட்ட டயருக்கு ஈடாகக் கேம்பரை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாற்றி வைப்பது கெட்ட பழக்கம். அடுத்த டயர் மாற்றும் நாளில் வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும், அப்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

பிரேக் விடாமல் பிடித்திருந்தால்

பிரேக் மிதிக்காமலே ஒரு சக்கரம் உரசிக்கொண்டிருந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பத்து கி.மீ. தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, உருட்டியபடியே நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு டிஸ்க் அல்லது டிரம்மையும் பாருங்கள். முன்னும் பின்னும் வேறுபடுவது இயல்பு. இடமும் வலமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் 30, 40 டிகிரி கூடுதலாகக் காட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். வெப்பமானி இல்லையென்றால் ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்க மறக்க வேண்டாம். பேட் லேசாக உரசும் சத்தம் கேட்பது சகஜம். ஒரு பக்கம் சுற்றிவிட்டால் ஒன்றிரண்டு சுற்று ஓடுகிறது, மறுபக்கம் கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் நின்ற பக்கம் பிடித்திருக்கிறது.

எது பிடித்திருக்கிறது என்று பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. பிரேக்கை நான்கைந்து தடவை அழுத்தி விட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போதே, ரப்பர் ஹோஸுக்கு மேலே சேஸிஸ் பக்கம் இருக்கும் இரும்புப் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மேலே, அதாவது மாஸ்டர் சிலிண்டரிலோ ஏ.பி.எஸ். யூனிட்டிலோ, மிதி ராடு சரிசெய்ததிலோ. விடவில்லை என்றால் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) பிளீடர் நட்டைத் திறவுங்கள். இப்போது ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விட்டால் ஹோஸ் உள்ளே சுருங்கிவிட்டது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்சுவர் உரிந்து தொங்கி வால்வு மாதிரி வேலை செய்யும். நீங்கள் மிதிக்கும் வலுவில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வலு போதாது. ஹோஸை ஜோடியாகவே மாற்றுங்கள். பிளீடர் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகிவிட்டது.

ஸ்லைடு பின் வைத்த காலிப்பரில் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு பின்னும் விரல் வலுவுக்கே உள்ளே வெளியே போய்வர வேண்டும். ஒரே சக்கரத்தில் உள் பேடும் வெளி பேடும் ஏறுமாறாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரவில்லை என்று பொருள். பின்னை முறுக்கி வெளியே எடுத்து, துளையையும் பின்னையும் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரணச் சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் பின் முன்னைவிட மோசமாக இறுகும். பல காலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதிலேயே போடுங்கள். பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தால் அரத்தால் தேய்த்து, பேட் கையால் நகரும்படி செய்யுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். இருபுறமும் பிஸ்டன் வைத்த நிலையான காலிப்பரில் ஸ்லைடு பின் கிடையாது. அங்கே ஒரு பிஸ்டன் மட்டும் இறுகி, ஒரு பேட் மட்டும் அல்லது ஒரு பேடின் ஒரு முனை மட்டும் தேய்ந்திருக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கணக்கு தலைகீழ். வண்டி இழுக்கும் பக்கத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கம். அங்கே பிஸ்டன் நகராமல் இருக்கலாம், பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம், ஹோஸ் அடைத்திருக்கலாம். இழுக்கும் பக்கத்துக் காலிப்பரையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பிரேக் எல்லாம் சுத்தமாக இருந்தும் மிதிக்கும்போது இழுத்தால், முன் கீழ் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடித்ததும் அந்தச் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளப்பட்டு, அந்தப் பக்கத்துக் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) அந்த நிமிடத்துக்கு மட்டும் குறையும். நின்ற வண்டியில் அளக்கும் அலைன்மென்ட் மெஷின் இதைப் பார்க்கவே முடியாது. கடப்பாரையை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் தெரிந்துவிடும்.

பின் டிரம்முக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஹேண்ட் பிரேக் கேபிள் துரு பிடித்து ஒரு பக்கம் திரும்பாமல் நிற்பது, வீல் சிலிண்டர் கசிவது, ஆக்ஸில் சீல் போய் கியர் ஆயில் ஷூவில் ஏறுவது. கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் இருக்கும், பிரேக் ஆயிலுக்கு இருக்காது. சீல் அடிக்கடி போனால் ஹவுசிங்கின் பிரீதர் (காற்று வெளியேறும் துளை) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இடது அட்ஜஸ்டரையும் வலது அட்ஜஸ்டரையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மரைகள் எதிரெதிர் திசை, மாறினால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும்.

பின் ஹவுசிங் நகர்ந்திருந்தால்

கார்க்காரர்களுக்கு அவ்வளவாக வராத, பிக்கப்புக்கே உரிய கோளாறு இது. லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஹவுசிங்கில் வெல்டு செய்த இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். ஹவுசிங் முன்னே பின்னே போகாமல் இடத்தைக் குறித்துவைப்பது அந்தத் தலைதான். அழுத்திப் பிடிப்பது யூ போல்ட். யூ போல்ட் தளர்ந்தால் ஒவ்வொரு ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் ஹவுசிங் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, ஒரு நாள் சென்டர் போல்ட்டை வெட்டிவிடும். அதன்பின் அந்தப் பக்கச் சக்கரம் பின்னுக்கோ முன்னுக்கோ நகர்ந்து நிற்கும்.

கீழே படுத்துப் பாருங்கள். யூ போல்ட் தட்டுக்கும் பட்டைக்கும் இடையில் துரு கசிந்த கோடு, அல்லது அழுக்கெல்லாம் அழிந்து பளபளவென்று தேய்ந்த இரும்பு தெரிந்தால் அது ஆடுகிறது. அளந்தும் உறுதி செய்யலாம்: லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனைக் கண் (சேஸிஸில் மாட்டும் வளையம்) போல்ட்டின் மையத்திலிருந்து ஹவுசிங் குழாயின் முன் விளிம்புவரை இரு பக்கமும் டேப் பிடியுங்கள். 2, 3 மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கணக்கு இப்படி வரும்: இரு சக்கர மையங்களுக்கும் நடுவே 1500 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கம் 10 மி.மீ. பின்னால் போனால் ஹவுசிங் ஏறத்தாழ 0.38 டிகிரி கோணலாகிவிடும். வலது பின் சக்கரம் பின்னால் போயிருந்தால் பின்பகுதி வலப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு இடப்பக்கம் திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பி வைத்துத்தான் நேராகப் போக முடியும். பின்னால் வருபவருக்கு வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடுவது தெரியும். முன் சக்கரத்தில் எவ்வளவு அலைன்மென்ட் செய்தாலும் இது தீராது.

சரிசெய்யும்போது ஹவுசிங்கைத் தள்ளி வைத்து யூ போல்ட்டை இறுக்குவதோடு நிறுத்தினால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். வண்டியின் எடையைச் சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்துத் தாங்கி, ஹவுசிங்கைத் தனியே ஜாக்கியில் பிடித்து, சென்டர் போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். பட்டைகள் இழுவிசையில் இருக்கும். போல்ட்டைக் கழற்றும் முன் இருபுறமும் பெரிய சி கிளாம்ப்பால் இறுக்கிக் கட்டாவிட்டால் விசிறி மாதிரி விரிந்து கையைப் பதம் பார்க்கும். யூ போல்ட்டும் நட்டும் புதிதாகத்தான் போட வேண்டும், ஒரு தடவை நீண்ட யூ போல்ட் மறுபடி அதே இறுக்கத்தைப் பிடித்து வைக்காது. சக்கரம் தரையில் நிற்கும்போது குறுக்குக் குறுக்காகப் பல சுற்றில், மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்கி, 500 கி.மீ. ஓடியபின் மறுபடி டார்க் பாருங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று பதிந்து இறுக்கம் கொஞ்சம் விட்டிருக்கும்.

ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், விட்டால் எதிர்ப்பக்கம் என்று வண்டி மாறி மாறி இழுத்தாலும் இதே இடம்தான்: தளர்ந்த யூ போல்ட், அல்லது முன் ஸ்பிரிங் கண்ணின் புஷ் தேய்ந்தது. பாரம் ஏற்றினால் மட்டும் இழுத்தால் உடைந்த பட்டையைத் தேடுங்கள். மெயின் பட்டையில் கண்ணுக்குப் பக்கத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் இருக்கும், துடைக்காமல் பார்த்தால் தெரியாது.

முன் சஸ்பென்ஷனும் கோணங்களும்

கோணத்துக்குப் போகும் முன் ஆட்டம் பாருங்கள். ஆட்டம் உள்ள சஸ்பென்ஷனில் செய்த அலைன்மென்ட் அடுத்த பள்ளம் வரைக்கும்தான். ஒருவர் தரையில் நிற்கும் வண்டியின் ஸ்டீயரிங்கை, என்ஜின் ஓடும்போதே, கால் சுற்று இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றவர் டை ராடு எண்ட், பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் என்ற ஸ்டீயரிங் இணைப்புகள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பகுதி நகர்ந்தும் அடுத்தது தாமதமாக நகர்ந்தால் நடுவில் உள்ள மூட்டு போய்விட்டது. பால் ஜாயின்ட் (ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) பார்க்கும்போது ஜாக்கி வைக்கும் இடம் முக்கியம். ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) கீழ் ஆர்மைத் தாங்கும் வண்டியில் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்கு அருகில் தூக்க வேண்டும். சேஸிஸில் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்மானத்தை மறைத்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டம் பேரிங்கா பால் ஜாயின்ட்டா என்று சந்தேகம் வந்தால், பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங்.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரு பக்கமும். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேம்பரும் கேஸ்டரும் சேர்ந்தே மாறியிருக்கும். டார்ஷன் பார் வண்டியில் பாரத்தைத் தூக்கிவிட்டு அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருகி, இறக்கி, முன்னே பின்னே உருட்டிக் குலுக்கி, மறுபடி அளக்க வேண்டும். தூக்கி வைத்த அப்படியே அளந்தால் பொய் அளவு.

இப்போது கோணம். இழுப்புக்குக் காரணமாகும் கோணம் இரண்டுதான். கேம்பர்: சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், எந்தப் பக்கம் பாசிட்டிவ் அதிகமோ அந்தப் பக்கம் வண்டி போகும். கேஸ்டர்: திருப்பு அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி போகும். முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இழுக்காது. ஓடும்போது இரண்டு சக்கரமும் அதைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். டோ தப்பினால் டயர் ரம்பம் போலத் தேயும், ஸ்டீயரிங் கோணலாகும், அவ்வளவே. ஆனால் அவசரக் கடைகளில் "அலைன்மென்ட்" என்ற பெயரில் தொடுவது இந்த டோவை மட்டும்தான். இரண்டு தடவை செய்தும் மாறாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அதனால் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த பிரிண்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எல்லாம் பச்சையாக, அதாவது அளவுக்குள், இருக்கிறது என்பதோடு விடாமல் இடதையும் வலதையும் கழித்துப் பாருங்கள். இடது கேம்பர் +0.4, வலது −0.3, இடது கேஸ்டர் 2.2, வலது 2.9 என்று இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே அளவுக்குள் இருக்கலாம். கேம்பர் வித்தியாசம் 0.7, கேஸ்டர் வித்தியாசம் 0.7, இரண்டுமே இடப்பக்கம்தான் தள்ளுகின்றன. வண்டி இடப்பக்கம் போகாமல் எங்கே போகும்? பொதுவாக இரண்டிலும் 0.5 டிகிரிக்குள் வித்தியாசம் வைப்பது வழக்கம். உங்கள் வண்டி மேனுவல் இதைவிட இறுக்கமாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். சாலைச் சரிவை ஈடுகட்ட, இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடது கேஸ்டரைக் கால் டிகிரி போலக் கூட்டி வைப்பது நியாயமான வேலை.

மாற்றும் வழி வண்டிக்கு வண்டி வேறு: சிலவற்றில் கீழ் ஆர்மில் முட்டை வடிவ கேம் போல்ட், சிலவற்றில் மேல் ஆர்முக்குப் பின்னால் ஷிம் தகடுகள், முழு ஆக்ஸில் வைத்தவற்றில் பால் ஜாயின்ட்டில் மையம் விலகிய வளையம். கேம் போல்ட்டைத் தளர்த்தும் முன் பெயின்ட்டால் குறி போடுங்கள். இறுதியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகி நின்று சீக்கிரமே கிழியும்.

வீட்டிலேயே கேம்பரைத் தோராயமாகப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, டிஜிட்டல் லெவலையோ தூக்குக்குண்டு நூலையோ ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பொருத்திப் பாருங்கள். விளிம்புக்கு விளிம்பு 430 மி.மீ. உள்ள ரிம்மில் 1 டிகிரி என்பது 7.5 மி.மீ.; அரை டிகிரி ஏறக்குறைய 3.7 மி.மீ. வண்டியை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் ரிம்மின் நெளிவு கழிந்துவிடும்.

அட்ஜஸ்ட்மென்ட் எல்லை வரை போயும் ஒரு பக்கம் அளவுக்கு வரவில்லை என்றால் எதுவோ வளைந்திருக்கிறது. எது என்று பிரிக்க மெஷினிலேயே வழி இருக்கிறது: எஸ்.ஏ.ஐ. என்ற திருப்பு அச்சுச் சாய்வையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேம்பர் மட்டும் வேறுபட்டு, எஸ்.ஏ.ஐ. இரு பக்கமும் சமமாக இருந்தால் நக்கிள் (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பகுதி) அல்லது ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து மாறி, கூட்டுத்தொகை மட்டும் இரு பக்கமும் சமமாக இருந்தால் ஆர்மோ குறுக்குச் சட்டமோ நகர்ந்திருக்கிறது. வளைந்த நக்கிளைச் சூடுகாட்டி நிமிர்த்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள், மாற்றுவதுதான் முறை.

இன்னும் தீரவில்லையென்றால்

ஸ்டீயரிங் பக்கம் வாருங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கானால் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, கை வைக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பினால் ஸ்டீயரிங் பெட்டிக்குள் வால்வு நடுநிலையில் இல்லை. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் சென்சாரின் நடுப்புள்ளி தப்பினாலும் இதே குணத்தைக் காட்டும். அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோணச் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது பல வண்டிகளில் வேலையின் ஒரு பகுதி, விட்டுவிடக் கூடாது.

வலப்பக்கம் திரும்பியபின் வலப்பக்கமே இழுக்கிறது, இடப்பக்கம் திரும்பியபின் இடப்பக்கம் இழுக்கிறது என்றால் இது வேறு ஜாதி. ஏதோ ஒரு மூட்டு இறுகிப்போய் நடுவுக்குத் திரும்ப விடவில்லை. கிரீஸ் காய்ந்த பால் ஜாயின்ட், துரு ஏறிய ஸ்டீயரிங் யூனிவர்சல் ஜாயின்ட், முறுகிய நிலையில் இறுக்கிய டை ராடு புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, டை ராடைக் கழற்றி, நக்கிளைக் கையால் திருப்பினால் இறுக்கம் எங்கே என்று பிடிபடும்.

முழு முன் ஆக்ஸில் வைத்த பிக்கப்பில் ஸ்டீயரிங் டேம்பர் புதிதாக மாட்டியபின் இழுப்பு வந்ததா? வாயு நிரப்பிய டேம்பர் எப்போதும் தன்னை நீட்டிக்கொள்ளப் பார்க்கும், அந்தத் தள்ளலே ஒரு பக்கம் இழுப்பாகத் தெரியும். ஒரு முனையைக் கழற்றிக் கட்டிவிட்டு, காலி மைதானத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

முன்பக்கத்தை உயர்த்திய வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. உயர்த்தும்போது பெரும்பாலும் கேஸ்டர் இரு பக்கமும் குறையும். அதுவே இழுக்காது, ஆனால் நேராக நிற்கும் பிடிப்பு போய்விடுவதால் சாதாரணமாகத் தெரியாத சாலைச் சரிவும் டயர் வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். அங்கே இடம் வலம் சமன் செய்வதோடு இரு பக்கமும் கேஸ்டரைக் கூட்டவும் வேண்டும்.

உங்கள் வண்டிக்கு, நீங்கள் சொன்னதை வைத்து, நான் வைக்கும் வரிசை: காற்று, முன் டயர் இடமாற்றம், வெப்பச் சோதனை, பின் ஹவுசிங்கின் டேப் அளவு. நான்கும் அரை நாள் வேலை, ஜாக்கியும் டேப்பும் ஸ்பேனரும் போதும். அதில் எதுவும் சிக்கவில்லை என்றால் பழைய பிரிண்டை எடுத்துக் கேஸ்டரையும் கேம்பரையும் கழித்துப் பாருங்கள். டயர் மாற்றிப் போடும்போது வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் டார்க்குக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை மறுபடி பார்த்துவிடுங்கள்.